போமன் படித்த பள்ளிக்கூடம்

மலேசியத் தமிழர்களிடையே மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பவருக்கு ஒரு பெயர் உண்டு: போமன். மலாய்க்காரர்கள் 'பொமேன்' என்பார்கள். 'ஃபோர்மன்' என்ற ஆங்கிலச் சொல் வாய்க்கு வாய் தேய்ந்து இப்படி ஆனது. ஆங்கிலத்தில் அது தொழிலாளர்களுக்கு மேல் நின்று வேலை வாங்குபவரைக் குறிக்கும். இங்கே தரையில் குந்தி, கை முழுக்க கிரீஸோடு வேலை செய்பவருக்கு அந்தச் சொல் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாம் வெறுமனே 'மோட்டார்' என்று சொன்னால் அது மோட்டார் சைக்கிள்தான். அதிலும் சின்ன வண்டி என்றால் 'கப்சாய்'. 'ஹோண்டா கப்' என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் 'சாய்' என்ற சீனச் சொல் ஒட்டிக்கொண்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இந்தச் சொற்களை நான் தோட்டத்திலும் கம்பத்திலும் பட்டணத்திலும் கேட்டிருக்கிறேன். நம் வரலாற்றைச் சொல்வதாக நான் படித்த புத்தகங்களில் மட்டும் பார்த்ததில்லை. அவற்றில் ரப்பர் இருக்கிறது, இரயில் தண்டவாளம் இருக்கிறது, சயாம் மரண ரயில் இருக்கிறது, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் இருக்கின்றன. ஆனால் 1960களுக்குப் பிறகு தோட்டத்து மனிதனின் ஒருநாள் பொழுதையே மாற்றிப்போட்ட பொருள் கப்சாய். அந்தக் கப்சாயில் அவன் தன் கையால் திறந்து, புரிந்துகொண்டு, மறுபடி மூடிய முதல் இயந்திர உறுப்பு கார்புரேட்டர். இதை யாராவது எழுதியாக வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. சோயிச்சிரோ ஹோண்டா ஒரு கொல்லரின் மகன். 1946இல், போர் முடிந்து பேருந்தும் ரயிலும் நெரிசலில் திணறிய காலத்தில், இராணுவத்தின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கச் செய்யப்பட்ட சிறு இயந்திரங்கள் அவர் கையில் கிடைத்தன. அவற்றை அவர் சைக்கிளில் பொருத்தினார். முதல் முயற்சியில் பெட்ரோல் தொட்டியாக இருந்தது வீட்டில் ஒத்தடத்துக்கு வைத்திருந்த வெந்நீர்க் குடுவை. 1948இல் நிறுவனம் பிறந்தது. 1958 ஆகஸ்டில் 49 சிசி சூப்பர் கப் வெளிவந்தது. இடது கையில் கிளட்ச் பிடி கிடையாது. நூடல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பது கணக்கு. 2017இல் அந்த வண்டியின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

அதே 1958இல் அது மலாயாவுக்கும் வந்தது. கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. 1915இல் சீனாவில் பிறந்து, சிறுவனாகப் பினாங்கு வந்து, பேருந்து கழுவி, பட்டறையில் வேலை கற்று மேலே வந்தவர். ஜப்பானுக்குப் போன இடத்தில் இந்தச் சின்ன வண்டியைப் பார்த்து, விற்பனை உரிமையை வாங்கி வந்தார். பழைய ஆட்கள் கப்சாயைப் பற்றிப் பேசும்போது 'பூன் சியூ' என்ற பெயரையும் சேர்த்தே சொல்வார்கள்.

தோட்டத்தில் அதுவரை இருந்தது சைக்கிள். லயத்திலிருந்து பெருஞ்சாலைக்கு வருவதற்கே மூன்று நான்கு மைல் செம்மண் பாதை. பெரட்டுக்கு விடியுமுன் நிற்க வேண்டும். பால் மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்து முடித்த பிறகு பட்டணத்துக்குப் போய்வர நேரம் இருக்காது. ஆகவே சாமான் தோட்டத்துக் கடையில்தான், கடன் கடைக்காரரிடம்தான், வைத்தியம் தோட்டத்து டிரஸ்ஸரிடம்தான். கப்சாய் அந்த வளையத்தில் ஒரு வாசலைத் திறந்தது. காலைத் தூக்கிப் போட்டு ஏறத் தேவையில்லாத வண்டி என்பதால் கைலி கட்டியவரும் ஓட்டினார், சேலை கட்டியவரும் பின்னால் உட்கார்ந்தார். பால் தோம்பு இரண்டு பக்கமும் தொங்கியது. 1970களில் பாயான் லெப்பாஸ் போன்ற இடங்களில் தொழிற்சாலைகள் வந்தபோது, லயத்திலிருந்தே ஷிப்டு வேலைக்குப் போய்வர முடிந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே வெளியேறிப் பழகிய ஒரு தலைமுறை அப்படித்தான் உருவானது.

வண்டி வாங்கினால் போதாது, அது தினமும் கிளம்ப வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு, பனியில், பத்து உதை உதைத்தும் கிளம்பாத வண்டி பாதி நாள் சம்பளத்தைத் தின்றுவிடும். கிளம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: பிளக், இல்லாவிட்டால் கார்புரேட்டர்.

கார்புரேட்டரின் வேலையைச் சொல்வது எளிது, செய்வது கடினம். பெட்ரோல் தனியாக எரிந்து வண்டியை ஓட்டாது. காற்றோடு சரியான அளவில் கலக்க வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. அளவைக் கணக்கில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று வரும். 1880களின் முதல் மோட்டார் வண்டிகளில் பெட்ரோலைத் தானாக ஆவியாகவிட்டு, அந்த ஆவியை இயந்திரம் இழுத்துக்கொண்டது. 1888இல் பெர்தா பென்ஸ் தன் கணவர் செய்த மூன்று சக்கர வண்டியில் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அடைப்பை நீக்கினார். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்திலேயே எரிபொருள் அடைப்பு இருந்திருக்கிறது. அதைச் சரிசெய்தது ஒரு பெண்ணின் கை.

ஐந்து வருடம் கழித்து, 1893இல், ஹங்கேரியில் டொனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக்கும் பெட்ரோலைத் துளை வழியாகத் தூவும் முறையைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாகப் போனால் வேகம் கூடும், அழுத்தம் குறையும் என்பது அதற்கும் நூறு வருடத்துக்கு முன் இத்தாலியின் வெஞ்சுரி எழுதிவைத்தது. அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் ஒரு சிறு துளையை வைத்தால், கீழே இருக்கும் பெட்ரோல் தானே ஏறிவந்து பொடிப்பொடியாகத் தூவும். அவ்வளவுதான் கார்புரேட்டர்.

என் மாமாவுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. சுங்கை பட்டாணியில் ஒரு சீனரின் மோட்டார் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். நான் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போவேன். வெஞ்சுரி பற்றி அவர் சொன்னது இது: "கொசு மருந்து அடிக்கிற தகர பம்பு பாத்திருக்கியா? கைப்பிடிய தள்ளுனா காத்து போவுது. மருந்து ஏன் மேல வருது? எவன் ஊதிவுட்டான்? காத்து இழுக்குதுடா." மிதவைக் கிண்ணத்தை விளக்க இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "கக்கூஸ் தொட்டிப் பந்துதான் இது. தண்ணி ஏறுனா மூடும், இறங்குனா திறக்கும்." பள்ளியில் பௌதிக ஆசிரியர் பெர்னோலியின் கோட்பாட்டை மலாயில் பலகை நிறைய எழுதிப் போட்டபோது எனக்கு அந்தத் தகர பம்புதான் நினைவுக்கு வந்தது. பாடம் புரிந்தது.

கார்புரேட்டரைக் கழற்றும் முன் மாமா ஒரு பழைய தமிழ் நேசனைத் தரையில் விரிப்பார். பெட்ரோல் குழாயை மூடுவார். கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, உள்ளே தங்கிய பெட்ரோலை ஒரு பால் டின்னில் வடிப்பார். அந்தப் பெட்ரோலைக் கொட்டமாட்டார். டின்னைச் சாய்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். தண்ணீர் இருந்தால் முத்து முத்தாகத் தனியாக உருளும். துரு இருந்தால் செம்மண் மாதிரி படியும். அப்படியானால் நோய் கார்புரேட்டரில் இல்லை, பெட்ரோல் தொட்டியில். மூக்குக்குக் கிட்ட கொண்டுபோவார். பல மாதம் கிடந்த பெட்ரோலுக்கு வார்னிஷ் வாடை வரும். அந்தப் பிசின்தான் துளைகளை அடைப்பது.

பிறகு இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கார்புரேட்டர் கைக்கு வந்துவிடும். உள்ளங்கையில் அடங்கும் பொருள். ஒவ்வொன்றாகக் கழற்றி நாளிதழின் மேல் இடமிருந்து வலமாக வைப்பார்: கிண்ணம், மிதவை, மிதவையின் சிறு அச்சு, ஊசி வால்வு, பெரிய ஜெட், சின்ன ஜெட், காற்றுத் திருகு. மேல் மூடியைத் திறந்தால் திராட்டல் கேபிளோடு உருளையும் அதில் தொங்கும் நீள ஊசியும் வரும். "கழட்டுனத இடமிருந்து வலமா வை. மாட்டுறப்ப வலமிருந்து இடமா எடு. எழுதி வைக்க வேணாம்."

ஜெட் என்பது நடுவில் துளையுள்ள ஒரு பித்தளைத் திருகு. கெய்ஹின் கார்புரேட்டரின் பெரிய ஜெட்டில் 75 என்று பொறித்திருந்தால் துளை சுமார் 0.75 மில்லிமீட்டர். சும்மா நிற்கும்போது வண்டியை உயிரோடு வைத்திருக்கும் சின்ன ஜெட் அதில் பாதிகூட இருக்காது. அதனால் முதலில் அடைத்துக்கொள்வதும் அதுதான். வண்டி ஓடும்போது ஓடும், சிக்னலில் நின்றால் அணைந்துவிடும் என்று யாராவது சொன்னால், மாமா வண்டியைப் பார்க்காமலே சின்ன ஜெட் என்பார்.

ஜெட்டைப் பெட்ரோலில் ஊறவைத்து, காற்றடித்து, வானத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை வைத்துப் பார்ப்பார். முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அவசரக்காரர்கள் செப்புக் கம்பியை, சிலர் குண்டூசியைக்கூட விட்டுக் குத்துவார்கள். மாமா அதைச் செய்யவிடமாட்டார். பித்தளை மிருதுவானது, கம்பி உரசினால் துளை பெரிதாகும், 75 என்று பொறித்திருந்தாலும் அது 75ஆக இருக்காது. "நம்பர் பொய் சொல்லும். அப்புறம் எவன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்பார். தூண்டில் நைலான் நரம்பில் மெல்லியதாக ஒன்றை வைத்திருந்தார், அதைத்தான் விடுவார். ரப்பர் வளையங்களை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்துவிடுவார்.

பூட்டுவதில் இரண்டு இடம் முக்கியம். ஜெட்டை அமர்த்த வேண்டும், இறுக்கக் கூடாது. உடம்பு மிருதுவான உலோகம், மரை போனால் கார்புரேட்டரே போய்விடும். உருளையில் வெட்டு இருக்கும் பக்கம் காற்று வடிகட்டியைப் பார்த்து வர வேண்டும். திருப்பிப் போட்டு வண்டியைக் கிளப்பினால் இயந்திரம் அலறும், கை எடுத்தாலும் அடங்காது. ஊசியில் ஐந்து கீறல் இருந்தால், கிளிப் எந்தக் கீறலில் இருந்ததோ அதிலேயே போட வேண்டும். கிளிப் ஒரு கீறல் மேலே போனால் ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். கீழே போனால் ஊசி ஏறும், பெட்ரோல் கூடும்.

சரிசெய்வது காதால் நடந்தது. காற்றுத் திருகை மெதுவாக முழுக்க உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, வண்டியைக் கிளப்பிச் சூடாக விடுவார். பிறகு கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று முன்னும் பின்னும் திருப்புவார். ஓர் இடத்தில் சத்தம் ஏறித் தெளியும். அந்த இடத்தில் விட்டுவிட்டு, வேகத் திருகால் சத்தத்தை இறக்குவார். தொழிற்சாலை சொல்வது நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று. மாமாவிடம் அதை அளக்கும் கருவி கிடையாது. சாலையில் ஒரு சுற்று ஓட்டிவந்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக இருந்தால் குறைவு. பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் பிளக்கை மாட்டிவிட்டுக் கை கழுவப் போவார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் சமூகத்தைப் பற்றி வெளியார் எழுதியதும் நாமே எழுதியதும் தோட்டத் தமிழரைத் திறனற்ற உடலுழைப்பாளர் என்றுதான் பெரும்பாலும் காட்டுகின்றன. தோட்டம் மூடப்பட்டபோது, நிலம் வீடமைப்புக்கும் செம்பனைக்கும் கைமாறியபோது, 'கையில் தொழில் இல்லாதவர்கள் நகரத்துக்கு வந்தார்கள்' என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். வந்தவர்களில் பலர் கையில் தொழில் இருந்தது. சான்றிதழ்தான் இல்லை.

மாமா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, ரிமூவ் வகுப்புக்குப் போய், மூன்றாம் படிவத் தேர்வில் தவறியவர். அந்தத் தேர்வில் தவறினால் அரசாங்கப் பள்ளியின் கதவு மூடிவிடும். அவரைப் போன்ற பையன்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சிலர் லோரி அட்டெண்டன்ட் ஆனார்கள், சிலர் காண்டாவுக்குக் கத்தியோடு திரும்பினார்கள், சிலர் மோட்டார் கடையில் டயர் கழற்றப் போனார்கள். முதல் வருடம் சம்பளம் இல்லை, சாப்பாடு மட்டும். அங்கே தவுக்கேயிடம் ஹொக்கியனில் எண்ணக் கற்றார்கள், மலாய் வாடிக்கையாளரிடம் நோயைக் கேட்டறிந்தார்கள், உதிரிப்பாகப் பெட்டியில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டினார்கள், வீட்டுக்கு வந்து தம்பிக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தார்கள். அரசாங்கம் நடத்தாத நான்கு மொழிப் பள்ளி அது. தவறானால் வண்டி கிளம்பாது என்பதைத் தவிர அதில் வேறு தேர்வு கிடையாது.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. சோயிச்சிரோ ஹோண்டாவும் பள்ளிப் படிப்பால் உயர்ந்தவர் அல்லர். லோ பூன் சியூவும் பட்டறையில் தொடங்கியவர்தான். அவர்கள் நிறுவனம் கண்டார்கள்; என் மாமா கடைசிவரை நாட்சம்பளத்தில் இருந்தார். திறமைக் குறைவு என்று நான் ஏற்கமாட்டேன். கடை போட முன்பணம் வேண்டும், உதிரிப்பாகம் கடனுக்குக் கிடைக்க ஆள் தெரிந்திருக்க வேண்டும், வங்கிக்கு அடமானமாக ஒரு வீடாவது வேண்டும். லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. இரண்டு தலைமுறை உழைத்தும் அடமானம் வைக்க ஒரு கதவுகூடச் சொந்தமில்லை. 1960இல் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களை வாங்கிக் காப்பாற்ற முனைந்தது. பட்டறைப் பையன்களுக்கு அப்படிக் கைகொடுக்கும் ஏற்பாடு எதையும் மாமாவோ அவர் கூட்டாளிகளோ கண்டதில்லை.

ஆனாலும் அந்த அறிவு பரவியது. 1994இல் தொடங்கிய கப் பிரி பந்தயத்தில் கப்சாய் வண்டிகள் ஓடின. அதைப் பார்த்துவிட்டு வந்த பையன்கள் ஜெட் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். யமஹா ஆர்எக்ஸ்இசட் வைத்திருந்தவர்கள் மிக்குனி கார்புரேட்டரைப் பற்றிக் குலதெய்வம் மாதிரி பேசினார்கள். இரவில் சாலையில் உயிரை விட்டவர்களும் அவர்களில் உண்டு. அந்தக் கணக்கையும் இந்த வரலாற்றிலிருந்து கழிக்க முடியாது.

2021 டிசம்பர் 18ஆம் தேதி மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, தண்ணீர் வடிந்த பிறகு உதவப் போனவர்களில் நானும் ஒருவன். வீட்டு வாசல்களில் சேறு பூசிய மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. ஓர் ஐந்தடியில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு போமன், தமிழர், பிளக்கைக் கழற்றி உதைத்துத் தண்ணீரை வெளியே அடித்தார், பால் கலந்த காப்பி மாதிரி மாறியிருந்த இயந்திர எண்ணெயை வடித்தார், தொட்டியைக் கவிழ்த்தார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பழைய கப்சாய்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. புதிய வண்டிகளைப் பார்த்து, "இது கம்பியூட்டரு, கடைக்குத்தான் போவணும்" என்று ஒதுக்கினார். பக்கத்திலிருந்த பாதுகாவலர் ஒருவர், வண்டி கிளம்பியதும் நன்றிகூடச் சொல்லாமல் வேலைக்குப் போனார். நாலு நாள் சம்பளம் ஏற்கனவே போயிருந்தது.

புதிய வண்டிகளில் பெட்ரோலைத் தூவுவது மின்னணு ஊசி. ஜப்பானில் 2007இல் சூப்பர் கப்புக்கே அது வந்துவிட்டது. இங்கே பின்னர் இஎக்ஸ்5 வண்டிக்கும் வந்தது. அதை எதிர்த்துப் பேச எனக்கு எதுவும் இல்லை. புகை குறைவு, பெட்ரோல் மிச்சம், விடியற்காலையில் ஒரே அழுத்தில் கிளம்புகிறது. பெர்தா பென்ஸின் தொப்பி ஊசிக்கு அங்கே வேலை இல்லை. சிங்கப்பூரில் முடிவுத் தேதியே குறித்துவிட்டார்கள்: 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் பொதுவாக 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலைக்கு வரக்கூடாது. முன்கூட்டியே கைவிட்டவர்களுக்கு 3,500 வெள்ளிவரை ஊக்கத்தொகை கொடுத்தார்கள். மலேசியாவில் அப்படித் தேதி ஏதும் இல்லாமலே பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்குப் போகின்றன.

வண்டிகளைச் சேகரிப்பவர்கள் சேகரித்துக்கொள்வார்கள். பளபளவென்று தீட்டிய சி70 வண்டிகளைக் கண்காட்சிகளில் இப்போதே பார்க்க முடிகிறது. அவற்றைத் தினமும் கிளப்பியவர்களின் பேச்சுதான் பதிவாகாமல் போகிறது. நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தொகுத்திருக்கின்றன, தாலாட்டையும் ஒப்பாரியையும் ஒலிப்பதிவு செய்திருக்கின்றன. அதே ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு ஒரு மாணவர் சுங்கை பட்டாணியிலோ பந்திங்கிலோ தெலுக் இந்தானிலோ ஒரு மோட்டார் கடை முன் நாலு நாள் உட்காரலாம். எந்தக் கடையில் யாரிடம் கற்றீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு, ஜெட்டுக்குத் தமிழில் என்ன சொல்வீர்கள், சத்தம் தெளிந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பதில் சொல்லக்கூடியவர்கள் இப்போது அறுபதிலும் எழுபதிலும் இருக்கிறார்கள். மாமாவிடம் இவற்றில் பாதியைத்தான் என்னால் கேட்க முடிந்தது. மீதியைச் சொல்ல அவர் கூட்டாளிகளில் இரண்டு பேர் இன்னும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள்.